நிமிராமல் பிழைத்த கோபுரம்

இத்தாலியின் பைசா நகரில், கதீட்ரலைச் சுற்றியுள்ள புல்வெளியில், பகல் முழுவதும் ஒரு வினோதமான ஊமை நாடகம் நடக்கிறது. இருபது முப்பது பேர் வெறும் காற்றை இரு கைகளாலும் தள்ளியபடி நிற்கிறார்கள். எதிரே கேமராவோடு நிற்பவர் 'இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்' என்று கை காட்டுகிறார். படம் வந்ததும் பார்த்தால், அவர்கள் சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள்.

அந்தக் கோபுரத்தை நிஜமாகவே தாங்கிப் பிடிக்க முயன்றவர்களின் கதை இதைவிட வினோதமானது. எட்டு நூற்றாண்டுகளில் அதற்கு வைத்தியம் பார்க்க வந்தவர்களில் பலர் அதை இன்னும் கொஞ்சம் சாய்த்துவிட்டுத்தான் போனார்கள். கோபுரத்துக்கு உண்மையில் உதவியவை போர்களும், வேலை நிறுத்தங்களும், கடைசியில் ஒரு பேராசிரியரின் பொறுமையும்தான்.

ஊரின் பெயரை உள்ளூர்க்காரர்கள் உச்சரிப்பது 'பீஸா' என்று. தமிழில் எப்படியோ பைசாவாகி நிலைத்துவிட்டது. பொருத்தம்தான்; கோபுரத்தின் கதை ஒரு சில்லறைக் கணக்கில்தான் தொடங்குகிறது. 1172 ஜனவரியில் டோன்னா பெர்த்தா என்ற விதவை, மணிக் கோபுரத்துக்குக் கல் வாங்க 60 சோல்தி காசுகளைத் தன் உயிலில் எழுதி வைத்தார். மறு ஆண்டு, 1173 ஆகஸ்டில், அஸ்திவாரம் தோண்டினார்கள்.

அன்றைய பைசா பெரிய கடல் வல்லரசு. 1063இல் சிசிலியின் பலேர்மோ துறைமுகத்தைத் தாக்கிக் கொண்டுவந்த கொள்ளைப் பொருளில் கதீட்ரல் எழும்பியது. அதன் எதிரே ஞானஸ்நான மண்டபம். அடுத்து மணிக் கோபுரம். இத்தாலியில் பல ஊர்களில் மணிக் கோபுரம் தேவாலயத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். பூசைக்கு அழைப்பது அதன் வேலை; ஊரின் செல்வத்தைத் தொலைவிலிருந்தே அறிவிப்பதும் அதன் வேலைதான். ஜெனோவா, லூக்கா, ஃபிளாரன்ஸ் என்று சுற்றிலும் போட்டிக்காரர்கள் இருந்த காலம் அது.

யார் வரைந்த திட்டம் என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கலைஞர்களின் வரலாறு எழுதிய வசாரி, பொனான்னோ பிசானோ என்றார். ஞானஸ்நான மண்டபத்தைக் கட்டிய தியோத்திசால்வி என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மண்டபத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொண்ட அந்த மனிதர் கோபுரத்தில் பொறிக்கவில்லை. கோபுரம் போன போக்கைப் பார்த்தால், அது அவருடைய வேலையாக இருந்திருந்தால், விவேகமான முடிவு.

கோளாறு கோபுரத்தில் இல்லை, மண்ணில் இருந்தது. பைசா, ஆர்னோ ஆறும் கடலும் மாறி மாறிக் கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். மேலே சுமார் 10 மீட்டருக்கு மணலும் சேறும் கலந்த மண். ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது. அதற்குக் கீழே ஏறத்தாழ 30 மீட்டருக்கு மென்மையான கடல் களிமண். இந்தப் படுகையின் மேல் வெறும் 3 மீட்டர் ஆழ அஸ்திவாரம் போட்டு, 14,500 டன் எடையுள்ள ஒரு கல் குழலை நிறுத்தினார்கள். கோபுரம் ஏறத்தாழ 3 மீட்டர் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அதன் எடையால் கீழே களிமண் படுகையின் மேற்பரப்பு ஒரு தட்டைப்போலக் குழிந்திருப்பதை, பிற்காலத்தில் துளையிட்டுப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

1178 வாக்கில், நான்காவது மாடிக்குப் போகும் கட்டத்தில், வேலை நின்றது. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஒருவரும் கல்லெடுத்து வைக்கவில்லை. இந்த இடைவெளியைப் பைசாவின் அவமானமாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மண் இயக்கவியல் நிபுணர்கள் இதை வேறு மாதிரி பார்க்கிறார்கள். களிமண் என்பது தண்ணீரை உள்ளே பிடித்து வைத்திருக்கும் பஞ்சு போன்றது. மேலே பாரம் ஏறும்போது தண்ணீர் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். வெளியேற வெளியேற மண் இறுகும். ஒரே மூச்சில் கட்டியிருந்தால் மண் இறுக நேரம் கிடைத்திருக்காது, கோபுரம் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சரிந்திருக்கும். அண்டை ஊர்களோடு பைசா போட்ட சண்டைகள் மண்ணுக்கு நூறாண்டு அவகாசம் வாங்கிக் கொடுத்தன.

1272இல் ஜோவான்னி தி சிமோனே என்பவரின் தலைமையில் வேலை மறுபடி தொடங்கியது. அதுவரை வடக்கே மிக லேசாகச் சாய்ந்திருந்த கோபுரம், பாரம் கூடக்கூடத் தெற்கே திரும்பியது. கொத்தனார்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். சாய்ந்த பக்கத்தில் கல்லைச் சற்று உயரமாக வைத்து, அடுத்த மாடியைச் சமன் செய்தார்கள். அடுத்த மாடி ஏறுவதற்குள் கோபுரம் மறுபடி சாய்ந்தது. மறுபடி திருத்தினார்கள். அதனால் பைசா கோபுரம் நேர்க்கோட்டில் சாய்ந்த தூண் அல்ல, வாழைப்பழம்போல வளைந்த ஒன்று. எந்தக் காலத்தில் எவ்வளவு சாய்ந்தது என்று இன்று கணக்கிட முடிவதற்கு அந்தக் கொத்தனார்கள் கல்லில் விட்டுப்போன இந்தத் திருத்தங்களே ஆதாரம்.

1284இல் மெலோரியா கடற்போரில் ஜெனோவா, பைசாவின் கப்பற்படையை நொறுக்கியது. வேலை மீண்டும் நின்றது. மண் மீண்டும் இறுகியது. ஏழாவது மாடி பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், உச்சியில் மணிக் கூண்டு 1370களை ஒட்டியும் முடிந்தன. கூண்டையும் நிமிர்த்தித்தான் வைத்தார்கள். ஏழாவது மாடி விளிம்பிலிருந்து கூண்டின் தளத்துக்குத் தெற்கே ஏறினால் ஆறு படி, வடக்கே ஏறினால் நாலு படி. கட்டி முடிக்க ஏறக்குறைய 200 ஆண்டுகள். அதற்குள் பைசாவின் கடல் ஆதிக்கம் பழங்கதையாகிவிட்டது.

உயரம் தாழ்ந்த பக்கத்தில் சுமார் 55.9 மீட்டர், உயர்ந்த பக்கத்தில் சுமார் 56.7 மீட்டர். கூண்டில் ஏழு மணிகள். மிகப் பழையது 1262இல் வார்த்தது. மிகப் பெரியதான 'அசுந்தா' பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மூன்றரை டன்னுக்கு மேல் எடை. மணிகள் ஊசலாடினால் கோபுரத்துக்கு ஆகாது என்ற பயத்தில் இருபதாம் நூற்றாண்டில் அவற்றை ஆட்டி அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கலிலியோ இந்த ஊர்க்காரர். 1564இல் இங்கே பிறந்தவர். கோபுர உச்சியிலிருந்து இரண்டு குண்டுகளை விழவைத்துப் பார்த்தார் என்ற பிரபலமான கதையை எழுதியவர் அவரது மாணவர் விவியானி. அது நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் பலருக்குச் சந்தேகம்.

ஊரில் சாய்ந்து நிற்பது இந்த ஒன்று மட்டுமல்ல. புனித நிக்கோலா தேவாலயத்தின் மணிக் கோபுரமும், ஆற்றங்கரையில் புனித மிக்கேல் தேவாலயத்தின் மணிக் கோபுரமும் சாய்ந்தவைதான். மண் எல்லோருக்கும் ஒன்றுதானே. அவற்றைப் பிடித்துக்கொண்டு படமெடுக்க யாரும் போவதில்லை.

வைத்தியர்கள் வரத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். மண்ணில் புதைந்துபோன அடிப்பாகம் வெளியே தெரியட்டும் என்று 1838இல் அலெஸ்ஸாந்த்ரோ கெரார்தெஸ்கா என்ற கட்டடக் கலைஞர் கோபுரத்தைச் சுற்றி ஒரு பள்ளப் பாதை தோண்டினார். தெற்குப் பக்கம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. தண்ணீர் பீறிட்டு வந்தது. கோபுரம் மேலும் சாய்ந்தது. 1934இல், முசோலினி ஆட்சிக் காலத்தில், அஸ்திவாரத்தில் 361 துளைகள் போட்டு சிமென்ட் கலவையைச் செலுத்தினார்கள். கோபுரம் தெற்கே ஒரு குலுக்கு குலுக்கியது. இரண்டாம் உலகப் போரில் வந்த ஆபத்து வேறு வகை. 1944இல், ஜெர்மானியர்கள் கோபுரத்தின் மேலிருந்து வேவு பார்க்கிறார்களா என்று அறிய லியோன் வெக்ஸ்டீன் என்ற அமெரிக்க சார்ஜென்ட் அனுப்பப்பட்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பீரங்கிகள் முழங்கியிருக்கும். வெயிலின் தகதகப்பில் அவர் கண்ணுக்கு எதிரி தென்படவில்லை. கோபுரத்தின் அழகிலும் அவர் சொக்கிப்போனார். சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லவில்லை. கோபுரத்தை ஒன்றும் செய்யாமல் விட்ட அவருக்கு, அதற்கு ஏதாவது செய்ய வந்த பலரைவிட அது அதிகம் கடமைப்பட்டிருக்கிறது.

அதன் பிறகும் உச்சி ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டே இருந்தது. அளப்பதும், அறிக்கை எழுதுவதும், குழு அமைப்பதும், குழு கலைவதுமாகக் காலம் ஓடியது. விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1989 மார்ச் 17 காலை அந்த மெத்தனத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. அது பைசாவில் அல்ல, மிலானுக்குத் தெற்கே உள்ள பாவியா நகரில். அங்கே கதீட்ரலை ஒட்டி நின்ற நகரக் கோபுரம், பதினோராம் நூற்றாண்டில் தொடங்கியது, 70 மீட்டருக்கு மேல் உயரமானது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அப்படியே நொறுங்கி விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். சாயாத கோபுரம் அது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. உள்ளும் புறமும் செங்கல் சுவர், நடுவே கல்லும் சுண்ணாம்பும் கலந்து கொட்டிய நிரப்பு. இப்படிக் கட்டிய சுவர், நூற்றாண்டுக் கணக்கில் தன் பாரத்தையே தாங்கித் தாங்கி, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் நைந்துபோகும் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தார்கள். அந்தக் கோபுரத்தைத் திரும்பக் கட்டவில்லை; அடிக்கட்டை மட்டும் நிற்கிறது.

பைசா கோபுரத்தின் சுவரும் ஏறக்குறைய அதே வகை. உள்ளும் புறமும் சலவைக்கல், நடுவே கல்லும் கலவையும். போதாக்குறைக்கு 5.5 டிகிரி சாய்வு. உச்சி, அடித்தளத்தைத் தாண்டி நாலரை மீட்டர் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பாரம் முழுக்கத் தெற்குப் பக்கத்தில் அழுத்தியது. அங்கே, முதல் மாடிக்கு மேலே, சுவருக்குள் படிக்கட்டு சுற்றிப் போகும் இடம் வெற்றிடம். வெடித்தால் அங்கேதான் வெடிக்கும். 1990 ஜனவரி 7 அன்று கோபுரத்தின் கதவு மூடப்பட்டது.

நகர நிர்வாகமும் கடைக்காரர்களும் கொதித்தார்கள். சுற்றுலாப் பயணி வராவிட்டால் பிழைப்பு என்ன ஆவது? அவர்கள் கோபம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரு கட்டடக் குறைபாடு ஓர் ஊருக்கே சோறு போடும்போது, அதைக் குணப்படுத்த வருபவர் மேல் சந்தேகம் வரத்தான் செய்யும். கோபுரம் விழுந்தாலும் ஊர் கெட்டது, நிமிர்ந்தாலும் கெட்டது.

அரசு அமைத்த சர்வதேசக் குழுவுக்குத் தலைவர் டூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிகேலே யாமியோல்கோவ்ஸ்கி. பொறியாளர்களோடு கலை வரலாற்று நிபுணர்களும் அதில் இருந்தார்கள். கோபுரத்தின் தோற்றத்துக்கு நிரந்தரமாக எந்த ஒட்டுப்போடும் கூடாது என்பது அவர்கள் கட்சி. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜான் பர்லண்ட், மண் இயக்கவியல் பேராசிரியர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் அடியில், பிக் பென் கோபுரத்தின் அருகிலேயே கார் நிறுத்துமிடம் தோண்டியபோது ஆலோசனை சொன்னவர். பைசா கோபுரத்தின் நிலையை அவர் விளக்கியது குழந்தை விளையாட்டு உதாரணத்தோடு: மெத்தென்ற கம்பளத்தின் மேல் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே போனால், கம்பளம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஓர் உயரத்துக்கு மேல் அடுக்கு தானே சாய்ந்து விழும். கணினியில் அவர் குழு உருவாக்கிய மாதிரிக் கோபுரம் 5.5 டிகிரியை எட்டுவதற்கு முன்பே கவிழ்ந்தது. நிஜக் கோபுரம் கணக்கை மீறி நின்றுகொண்டிருந்தது.

1992இல் பலவீனமான பகுதியைச் சுற்றி, பீப்பாய்க்கு வளையம் போடுவது போல, பிளாஸ்டிக் உறையிட்ட எஃகுக் கம்பிகளை இறுக்கினார்கள். 1993இல் வடக்குப் பக்கத்தில் 600 டன் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் வரலாற்றில் முதல் முறையாகக் கோபுரம் வடக்கே, கடுகளவுதான், திரும்பியது.

வெற்றி கண்ணை மறைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஈயத்தின் அவலட்சணத்தை நீக்க, அதற்குப் பதில் ஆழத்தில் நங்கூரம் பதித்துக் கம்பிகளால் இழுப்பது என்று முடிவாயிற்று. அதற்குத் தோண்ட வேண்டும். தோண்டினால் தண்ணீர் ஊறும். திரவ நைட்ரஜனைச் செலுத்தி மண்ணை உறையவைத்தார்கள். 1838இன் பள்ளப் பாதையும் கோபுர அஸ்திவாரமும் பழைய சிமென்ட் வேலையின் இரும்புக் குழாய்களால் பிணைந்திருப்பது தோண்டிய பிறகுதான் தெரிந்தது. 1995 செப்டம்பரில் ஒரே இரவில் கோபுரம், வழக்கமாக ஓராண்டில் நகரும் தூரம் தெற்கே நகர்ந்தது. அவசர அவசரமாக இன்னும் ஈயத்தை ஏற்றினார்கள். மொத்தம் சுமார் 900 டன். வேலை நின்றது. இந்தக் கோபுரத்தின் சரித்திரத்தில் வேலை நிற்பது எப்போதுமே நல்ல செய்தி.

விடை முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்தார். ஃபெர்னாந்தோ தெராசினா என்ற இத்தாலியப் பொறியாளர் 1962இலேயே சொன்ன யோசனை அது: தாழ்ந்த பக்கத்தைத் தூக்க முயலாதீர்கள், உயர்ந்த பக்கத்தின் அடியிலிருந்து கொஞ்சம் மண்ணை எடுங்கள். கோபுரத்தைத் தொடவே வேண்டாம். சறுக்கினால் பிடித்துக்கொள்ள 1998 முடிவில் கோபுரத்தின் இடுப்பில் இரண்டு எஃகு வடங்களைக் கட்டி, வடக்கே நிறுத்திய இரும்புச் சட்டங்களில் மாட்டினார்கள். கால்சட்டைக்குத் தோள்வார் போட்டாயிற்று என்று கேலி பிறந்தது.

1999 பிப்ரவரியில் 12 துளைகளில் சோதனை தொடங்கியது. சாய்வாக இறங்கும் குழாய்க்குள் திருகு போன்ற கருவி சுழன்று, ஒவ்வொரு முறையும் வாளி வாளியாக மட்டும் மண்ணை எடுக்கும். குழாயை உருவியதும் அந்தப் பொந்து மெல்ல மூடிக்கொள்ளும். கோபுரம் மயிரிழை அளவு வடக்கே அமரும். அளவுகள் நாளுக்கு இரு முறை லண்டனுக்கு ஃபேக்ஸில் போகும். பர்லண்ட் பார்த்து, அடுத்து எந்தத் துளையில் எவ்வளவு எடுப்பது என்று கையெழுத்திட்டு அனுப்புவார். அந்தத் தாள் வராமல் துளைக்கருவி சுழலாது. ஒரு துளையில் கூடுதலாக எடுத்தால் 14,500 டன் கிழக்கிலோ மேற்கிலோ திரும்பிவிடும் நிலையில், இரண்டு ஆண்டுகள் இப்படி வேலை செய்வதற்கு எத்தகைய நரம்புகள் வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

முழு வேலை 2000இல் 41 துளைகளோடு தொடங்கி 2001இல் முடிந்தது. எடுத்த மண் மொத்தம் சுமார் 38 கன மீட்டர்; சில லாரிகளில் அடங்கிவிடும். சாய்வு அரை டிகிரி குறைந்தது. உச்சி ஏறத்தாழ 45 செ.மீ. பின்வாங்கியது. கெரார்தெஸ்கா பள்ளம் தோண்டுவதற்கு முந்தைய நிலைக்குக் கோபுரம் திரும்பியிருந்தது.

அரை டிகிரியோடு ஏன் நிறுத்தினார்கள்? கற்களின் மேலுள்ள அழுத்தத்தைப் போதுமான அளவு குறைக்க அது போதும். அதே சமயம் பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மேலும் நிமிர்த்தும் வழி கையில் இருந்தது. நிமிர்த்தியிருந்தால் பதினான்காம் நூற்றாண்டுக் கொத்தனார்கள் எதிர்ப்பக்கமாக வளைத்துக் கட்டிய மணிக் கூண்டு வடக்கே கோணிக்கொண்டு நின்றிருக்கும். பைசாக்காரர்கள் பொறியாளர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். இந்தக் குழு சாதித்ததில் மிகக் கடினமானது, கை நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது அதை எடுத்துக்கொண்டதுதான்.

2001 டிசம்பர் 15 அன்று கதவு திறந்தது. ஈயமும் வடங்களும் அகன்றுவிட்டன. மழைக் காலத்தில் வடக்குப் பக்கம் நிலத்தடி நீர் ஏறி இறங்குவதும் சாய்வைத் தூண்டியது என்று தெரிந்ததால் அங்கே வடிகால் அமைத்தார்கள். 2008இல், அளக்கத் தொடங்கிய காலத்திலிருந்து முதல் முறையாகக் கோபுரம் அசைவற்று நிற்கிறது என்று பர்லண்ட் அறிவித்தார். அதற்குப் பிறகும் சில சென்டிமீட்டர் தானாகவே வடக்கே நகர்ந்திருப்பது 2018இல் தெரியவந்தது. அதே ஆண்டு இன்னொரு புதிரும் விடுபட்டது. 1280க்குப் பிறகு குறைந்தது நான்கு வலுவான நிலநடுக்கங்களைக் கோபுரம் கண்டிருக்கிறது, ஏன் விழவில்லை? உயரமும் விறைப்புமான கல் கோபுரம் மென்மையான மண்ணின் மேல் நிற்கும்போது, பூமியின் அதிர்வுக்கு அது இசைந்து ஆடுவதில்லை என்றது பொறியாளர்களின் ஆய்வு. சாய்த்த மண்ணே காப்பாற்றியும் இருக்கிறது.

இப்போது சிறு சிறு குழுக்களாக, குறித்த நேரத்துக்கு மட்டும் மேலே விடுகிறார்கள். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை. மொத்தப் படிகள் 294 என்பார்கள், 296 என்பார்கள். ஏழாவது மாடியில் வடக்குப் படிக்கட்டில் இரண்டு படி குறைவு என்பதால் இரண்டும் சரி. சாய்வைக் கண்ணைவிட முதலில் உணர்வது கால்கள். சுற்றிச் சுற்றி ஏறும்போது உடல் ஒரு பக்கம் வெளிச்சுவரை நோக்கியும் மறுபக்கம் உட்சுவரை நோக்கியும் தள்ளப்படுகிறது. எல்லோரையும் அப்படியே தள்ளியிருப்பதால் சலவைக்கல் படிகளின் தேய்மானமும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு இடம் மாறிக்கொண்டே போகிறது.

2023 அக்டோபரில் பொலோன்யா நகரம் தன் புகழ்பெற்ற இரட்டைக் கோபுரங்களில் குள்ளமானதும் அதிகம் சாய்ந்ததுமான கரிசெந்தாவைச் சுற்றிலும் தடுப்பு எழுப்பி ஆட்களை அப்புறப்படுத்தியது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோபுரம், 48 மீட்டர், சுமார் 4 டிகிரி சாய்வு. அதைப் பிடித்து நிறுத்த பைசாவில் பயன்பட்ட இரும்புச் சட்டங்களையே கொண்டுவரப் போவதாக 2024இல் அந்நகர நிர்வாகம் அறிவித்தது. வேலை முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பைசா அந்தத் தோள்வாரைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது.